நாலு மணிக்குள் நாற்பத்தெட்டு எண்கள்

அத்தியாயம் 14

மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் ஜெகநாதன் வீட்டு ஃப்ரிட்ஜுக்கு இரண்டு வேலை. உள்ளே தயிரைப் புளிக்காமல் பார்த்துக்கொள்வது ஒன்று. வெளியே ஜெகநாதனின் உத்தரவுகளைச் சுமப்பது மற்றொன்று. இரண்டாவதில்தான் அதற்கு ஓய்வே கிடையாது.

வியாழக்கிழமை காலை வேதா பால் எடுக்க வந்தபோது கதவில் புதுத் தாள் ஒன்று தொங்கியது.

"பணி: வீட்டுக் கணினியின் ப்ராசஸர் மாற்றம். பிளாக்: இன்று 10.00 முதல் 13.00 வரை. அந்நேரம் கணினியை எவரும் இயக்கலாகாது. செயல்படுத்துபவர்: செல்வி ஸ்ரீஜா. மேற்பார்வை: கீழே கையொப்பமிட்டவர்."

கீழே கையொப்பம், தேதி, ரப்பர் ஸ்டாம்ப். ஸ்டாம்ப் ஆபீஸுடையது அல்ல. வீட்டு உபயோகத்துக்கென்று தனியாகச் செய்து வைத்திருந்தார். ரயிலை நிறுத்தி வைத்துவிட்டுத் தண்டவாளத்தில் வேலை பார்க்கும் நேரத்துக்குத்தான் பிளாக் என்று பெயர். ஜெகநாதன் வீட்டில் கொசுவலை மாட்டுவதற்கும் பிளாக் உண்டு.

வேதா அதை இரண்டு முறை படித்தாள். "இன்று" என்ற சொல்லில் அவள் கண் நின்றுவிட்டது. பால் பாக்கெட் கையில் சில்லிட்டுக்கொண்டிருந்தது.

பதின்மூன்று வாரமாக இந்த வீட்டுக்கு வந்து போகிறவர்களுக்குக் காரணம் தெரியும். இன்றுதான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஜெகநாதன் ரயில்வேயில் சிக்னல் பிரிவு சீனியர் இன்ஜினியர். முப்பத்தாறு வருட சர்வீஸ். பதினான்கு மாதங்களுக்கு முன்னால் மகன் மனோஜ், மாதாப்பூரில் பார்த்துக்கொண்டிருந்த வேலையைச் சொல்லாமல் விட்டுவிட்டான். வேறு அப்பாவாக இருந்தால் கத்தியிருப்பார். ஜெகநாதன் டைப் அடித்தார். மூன்று குற்றச்சாட்டுகள், நான்கு இணைப்புகள், விளக்கமளிக்க ஏழு நாள் அவகாசம். மூன்றாம் குற்றச்சாட்டு, சாப்பாட்டு மேஜையில் தந்தையைப் பார்த்துச் சிரித்தது.

ஆறாம் நாள் மனோஜ் ஒரு பையோடு படியிறங்கிப் போனான். போன் நம்பரை மாற்றினான். எங்கே இருக்கிறான் என்று யாருக்கும் சொல்லவில்லை. ஏழாம் நாள் ஜெகநாதன் "பதில் வரவில்லை" என்று எழுதி ஃபைலை மூடினார். அதற்குப் பிறகு அவர் காதுபட யாரும் அவன் பெயரைச் சொன்னதில்லை.

அவருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு.

மனோஜ் பார்ட் பார்ட்டாக வாங்கிப் பூட்டிய மலிவு விலை கேமிங் கம்ப்யூட்டர் வீட்டிலேயே நின்றுவிட்டது. பதினொரு மாதமாகத் தினமும் காலை பதினொரு மணிக்கு, கணவரும் மகளும் வேலைக்குக் கிளம்பிய பிறகு, ஐம்பத்திரண்டு வயது வேதா அதன் முன்னால் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒரு காட்டுக்குள் போகிறாள். அங்கே மனோஜ் இருப்பான். முதலில் அவனை அங்கே பார்த்தவள் மகள் ஸ்ரீஜா. அம்மாவுக்கு மவுஸ் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான்.

விளையாட்டில் வேதாவுக்கு இரும்புத் தொப்பி, கையில் கோடாரி. மனோஜ் மரம் வெட்டுவான். இருட்டினால் காட்டிலிருந்து ஏதேதோ வரும். இருவரும் மரச்சுவருக்குப் பின்னால் நின்று விரட்டுவார்கள். சாப்பிடாவிட்டால் பலம் குறையும் என்பது அங்கே விதி. ஆகவே வேதா அடுப்பு மூட்டி, கிழங்கு சூப் வைத்து, மகன் கையில் கொடுப்பாள். அவனுக்குச் சாப்பாடு போட அவளுக்கு மிச்சமிருந்த இடம் அது ஒன்றுதான்.

கொஞ்ச நாளாக அந்தக் காடு திக்கியது. விளையாட்டைப் புதிது புதிதாக வளர்த்துக்கொண்டே போனார்கள். ஆறு வருடப் பழைய ப்ராசஸரால் ஈடுகொடுக்க முடியவில்லை. படம் நின்று நின்று நகர்ந்தது. மனோஜின் குரல் துண்டு துண்டாக வந்தது. "இத மாத்திக் குடுடி" என்று ஸ்ரீஜாவிடம் கேட்டவளே வேதாதான். ஸ்ரீஜா "ஆபீஸ் வேலைக்கு வேணும்" என்று அப்பாவிடம் மனுப் போட்டாள். அப்பா மூன்று கடைகளில் கொட்டேஷன் வாங்கி, மூன்று வாரம் பரிசீலித்து, ஒப்புதல் அளித்தார்.

நாள் குறித்ததுதான் வினை.

நேற்று பதினொரு மணிக்கு மனோஜின் குரல் சுத்தமாக உடைந்துபோனது. அவன் பேச்சை விட்டுவிட்டு எழுதினான். "நாளைக்குப் பதினொண்ணுக்கு வராதம்மா. நாலு மணிக்கு வா. கட்டாயம். ஒரு விஷயம் சொல்லணும். அதுக்கப்பறம் நான் இங்க வர மாட்டேன்."

வேதா ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி "ஏண்டா" என்று அடித்து முடிப்பதற்குள் அவன் நின்ற இடம் காலியாகியிருந்தது.

*

"இன்னிக்கு வேணாங்க," என்றாள் வேதா, தோசையைத் தட்டில் போட்டபடி. "அஷ்டமி."

ஜெகநாதன் நிமிர்ந்தார். "சிக்னலுக்கு அஷ்டமி தெரியுமா வேதா? பச்சைன்னா பச்சை, சிவப்புன்னா சிவப்பு."

"சனிக்கெழம வச்சுக்கலாமே. ஸ்ரீஜாவுக்கும் லீவு."

"நான் லீவு போட்டாச்சு. பிளாக் அனௌன்ஸ் பண்ணியாச்சு. குடுத்த பிளாக்க வாபஸ் வாங்கினா அப்பறம் எவன் மதிப்பான்?"

அந்த வீட்டில் மதிக்க வேண்டியவர்கள் மொத்தம் இரண்டு பேர். இருவரும் சட்னியைப் பார்த்தார்கள்.

ஸ்ரீஜாவும் இன்று வீட்டிலிருந்தே வேலை என்று ஆபீஸில் சொல்லியிருந்தாள். அப்பா கை கழுவப் போனதும் குனிந்து சொன்னாள்: "அம்மா, ஃபிகர் நக்கோ, கவலையே படாத. அரை மணி நேர வேலை. மீதி ரெண்டரை மணி அப்பாவோட மேற்பார்வை. ஒரு மணிக்கு மேல அவர வெளிய அனுப்பிடலாம். நாலு மணிக்கு நீ உள்ள இருப்ப."

வேதா தலையாட்டினாள். தோசைக்கல்லில் ஒன்று கருகிக்கொண்டிருந்தது.

பத்து மணிக்கு ஜெகநாதன் கைக்கடிகாரத்தைப் பார்த்து "பிளாக் ஆன்" என்றார். ஸ்ரீஜா சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள். கம்ப்யூட்டரின் சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கடைசி விளக்கு மட்டும் இரண்டு நொடி தயங்கிவிட்டு அணைந்தது.

பக்கவாட்டு மூடியைக் கழற்றியதும் ஆறு வருடத் தூசி எழும்பியது. ப்ராசஸர் மேல் உட்கார்ந்திருந்த ஃபேனின் திருகுகளை ஸ்ரீஜா எடுத்தாள். அடியில் தடவிய பேஸ்ட் காய்ந்து கல்லாகியிருந்தது. ஃபேனைக் கொஞ்சம் இடது, கொஞ்சம் வலது என்று அசைத்துக்கொண்டே இருந்தாள்.

"இழும்மா," என்றார் மேற்பார்வை.

"இழுக்கக் கூடாதுப்பா. ப்ராசஸரும் ஒட்டிக்கிட்டுப் பிச்சுக்கிட்டு வந்துடும். அடியில ஆயிரத்து முந்நூறு ஊசி இருக்கு. ஒண்ணு வளைஞ்சாலும் கதம், அவ்ளோதான்."

"சின்சியரா இழுத்தா ஒண்ணும் ஆகாது."

டப்பென்று ஒரு சத்தம். மூவரும் குனிந்தார்கள். ஃபேன் மட்டும்தான் வந்திருந்தது. ஸ்ரீஜா கொக்கியை விடுவித்து, பிஸ்கட் அளவுச் சதுரம் ஒன்றை இரண்டு விரலால் தூக்கி, ஸ்பாஞ்சு வைத்த டப்பாவில் இறக்கினாள்.

ஜெகநாதன் டப்பாவை மூடித் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"அப்பா, அது எதுக்கு?"

"ரிலீஸ்டு மெட்டீரியல். கழட்டின சாமான ஒப்படைச்சாதான் புது சாமான். பார்க் லேன் பாபுகிட்ட எக்ஸ்சேஞ்ச்னு பேசி வச்சிருக்கேன்."

"மொதல்ல புதுச வாங்கிட்டு வாங்க. அது ஓடுதான்னு பாப்போம். அப்பறம் பழசக் குடுக்கலாம். ஒரு நாள் கையில இருக்கட்டுமே."

"பழசும் புதுசும் ஒரே ஆள் கையில இருக்கப்படாது. அதுக்குப் பேரு இர்ரெகுலாரிட்டி." முப்பத்தாறு வருடத்தில் தன் மேல் ஓர் ஆடிட் ஆட்சேபணைகூட வந்ததில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார். அதைச் சொல்லாமல் அவர் வீட்டைவிட்டு இறங்குவதில்லை.

ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையில் தேய்ந்தது. மூடி திறந்த கம்ப்யூட்டரின் நடுவில் சின்னச் சின்னத் துளைகளோடு ஒரு காலிச் சதுரம். வேதா அதைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பல்லு புடுங்கின எடம் மாதிரி இருக்குடி."

"அம்மா, நீ போய் டீ போடு."

*

பன்னிரண்டு இருபதுக்கு ஜெகநாதன் புது ப்ராசஸரோடு திரும்பினார். கூடவே ஒரு காகிதம். பழைய ப்ராசஸரை ஒப்படைத்ததற்கான அத்தாட்சி. வாசகம் அவருடையது, கையெழுத்து பாபுவுடையது. பாபுவின் பதினைந்து வருட வியாபாரத்தில் வாடிக்கையாளர் எழுதிக் கொண்டுவந்த காகிதத்தில் கடைக்காரன் கையெழுத்துப் போட்டது அதுவே முதல் தடவை.

மதர்போர்டைப் புது ப்ராசஸருக்கு ஏற்றபடி போன வாரமே ஸ்ரீஜா தயார் செய்து வைத்திருந்தாள். ஆகவே வேலை சுலபமாக முடிந்தது. பட்டாணி அளவு பேஸ்ட் வைத்தாள். "பத்தாது" என்றார் அப்பா. அவள் காதில் வாங்கவில்லை. ஃபேனை முடுக்கி, பிளக்கைச் செருகி, பட்டனை அழுத்தினாள்.

ஃபேன் சுற்றியது. திரை கறுப்பு.

பத்து நொடி. இருபது. வேதா சுவாமி படத்தின் பக்கம் பார்த்தாள். ஒரு நிமிடம் ஆனது.

"பேஸ்ட் பத்தாதுன்னு சொன்னேன்."

"கொஞ்சம் இருங்கப்பா. மொதத் தடவ அப்படித்தான்."

கறுப்பில் வெள்ளை எழுத்துகள் வந்தன. ஆங்கிலம். ஜெகநாதன் கண்ணாடியை மாற்றிக்கொண்டு சர்க்குலர் வாசிக்கும் குரலில் வாசித்தார். விஷயம் இவ்வளவுதான்: புது ப்ராசஸர் வந்திருக்கிறது. டிஸ்க்குக்குப் பூட்டுப் போட்டிருந்தால் அதன் சாவி பழைய ப்ராசஸரோடு சேர்ந்தது. பழைய பதிவை அழிக்க Y அழுத்தவும். அழிக்காமல் தொடர N அழுத்தவும். பழைய ப்ராசஸரைத் திரும்பப் பொருத்தினால் எல்லாம் பழையபடி கிடைக்கும்.

கடைசி வாக்கியத்தில் சர்க்குலர் குரல் ஒரு படி இறங்கியது.

"பூட்டா? யார் பூட்டு போட்டது?" என்றார்.

ஸ்ரீஜா Y மேல் இருந்த விரலைத் தூக்கிக்கொண்டாள்.

"சந்தேகம்னா சிவப்பு," என்று ஜெகநாதன் N-ஐ அழுத்தினார். அன்று அவர் செய்ததில் சரியானது அது ஒன்றுதான். நியாயத்துக்காகச் சொல்லிவிட வேண்டும்.

திரை நீலமானது. நடுவில் ஒரு நீளக் கட்டம். நாற்பத்தெட்டு இலக்க மீட்பு எண்ணை அடிக்கவும்.

"அடி," என்றார்.

"என்னத்த அடிக்க? எனக்குத் தெரியாது."

"பின்ன யாருக்குத் தெரியும்?"

"இத பூட்டினவனுக்கு." ஸ்ரீஜா அம்மாவைப் பார்க்காமல் சொன்னாள். "மனோஜுக்கு."

பதினான்கு மாதங்களுக்குப் பிறகு அந்தப் பெயர் அவர் முன்னால் விழுந்தது. ஜெகநாதன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். 12.58.

"பழசத் திரும்ப மாட்டிட்டா தெறந்துடும்ல?"

"ஹவ், தெறந்துடும்."

"ஒப்படைச்சது நான். திரும்ப வாங்கறதும் நான்." மதியச் சாப்பாட்டைக்கூடப் பார்க்காமல் இறங்கினார்.

*

ஸ்கூட்டர் போனதும் வேதா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"உன் ஆபீஸ் லேப்டாப்ல அந்தக் காட்டுக்குள்ள போக முடியாதா?"

"போலாம். உன் பாஸ்வேர்ட் என்ன?"

"பாஸ்வேர்டா? அது தானா தெறக்குமேடி."

"தானா இல்லம்மா. அவன் போட்டு வச்சது. வேற மிஷின்ல போனா கோட் கேக்கும். கோட் அவன் போனுக்குப் போகும். அந்த நம்பர் நம்மகிட்ட இல்ல." ஸ்ரீஜா விரலை மடக்கி மடக்கி யோசித்தாள். எந்த விரலும் நிற்கவில்லை. "அவன்கிட்ட பேசணும்னா உள்ள போகணும். உள்ள போகணும்னா அவன்கிட்ட பேசணும்."

"வேற வழியில வருவான்ல? போன் பண்ணுவான்ல?"

ஸ்ரீஜா "வருவான்" என்று உடனே சொல்லியிருக்கலாம். ஒரு நொடி தாமதித்துவிட்டாள். அந்த ஒரு நொடியை வேதா பார்த்துவிட்டாள்.

அங்கே பார்க் லேனில், பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் பல் குத்திக்கொண்டிருந்தார் பாபு.

"கைக்கு பரேஷான் ஹோரே சார்? எதுக்கு இவ்ளோ கவல? புதுசு ஓடலியா?"

"ஓடுது. பழசு வேணும்."

"போயிடுச்சே! ஒரு கஸ்டமர் அவசரத்துல இருந்தாரு. அவரு மிஷின்ல போட்டுக் குடுத்துட்டேன். கரீம்நகர் பஸ்ஸுல இருப்பாரு இந்நேரம்."

"நான் குடுத்து ரெண்டு மணி நேரம்கூட ஆகல."

"சாமான் நல்ல சாமான் சார், உடனே போயிடும்." பாபு கல்லாவிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மரியாதையாக நீட்டினார். காலையில் எழுதிய அத்தாட்சியின் நகல். "நீங்களே எழுதியிருக்கீங்களே. 'ஒப்படைக்கப்பட்ட பொருளை எக்காரணம் கொண்டும் திரும்பக் கோர உரிமை இல்லை.' நல்லா எழுதறீங்க சார். நான் ஃப்ரேம் போடலாம்னு இருக்கேன்."

ஜெகநாதன் தன் சொந்த வாக்கியத்தை ஒரு தடவை படித்தார். இலக்கணப் பிழைகூட இல்லை. கரீம்நகர்க்காரரின் நம்பரைக் கேட்டு வாங்கி அங்கேயே நின்று எட்டு தடவை அடித்தார். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை.

*

இரண்டு ஐம்பதுக்கு அவர் வெறுங்கையோடு படியேறியபோது, சோறு தட்டில் அப்படியே இருந்தது. நீலத் திரை அப்படியே இருந்தது. இரண்டு பெண்களும் அதன் முன்னால் அசையாமல் இருந்தார்கள்.

"என்ன இது, எழவு வீடு மாதிரி?" என்றார். குரலில் பாதி அதிகாரம்தான் மிச்சம். "ஒரு விளையாட்டுச் சாமான். நாளைக்கு எவனையாவது கூப்பிட்டு எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசாப் போட்டாப் போச்சு."

வேதா எழுந்தாள்.

"அம்மா, நக்கோ, சொல்லாத," என்றாள் ஸ்ரீஜா மெதுவாக.

"அழிக்காதீங்க. உள்ள மனோஜ் இருக்கான்."

"என்ன உளர்ற?"

"தினம் பதினோரு மணிக்கு வருவான். பதினோரு மாசமா வரான். நீங்க ஆபீஸ் போனப்பறம். இன்னிக்கு நாலு மணிக்கு ஏதோ சொல்றேன்னிருக்கான். அதுக்கப்பறம் வர மாட்டானாம்."

விசாரணை ஆரம்பமாகும் என்று ஸ்ரீஜா தயாரானாள். மேற்படி நபரை முதலில் சந்தித்த தேதி, சாட்சிகள், மறைத்ததற்கான காரணம். ஜெகநாதன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். சட்டைப் பையில் பேனா சாய்ந்துகொண்டிருந்தது. அதை நிமிர்த்தவில்லை.

"நல்லா இருக்கானா?"

"சொல்ல மாட்டான். எங்க இருக்கேன்னும் சொல்ல மாட்டான். சூப் குடிப்பான்."

"சூப்பா?"

"விளையாட்டுலதான்."

அவர் செருமிக்கொண்டார்.

"என்னப் பத்தி ஏதாவது கேப்பானா?"

வேதாவுக்குப் பொய் சொல்ல ஆசையாகத்தான் இருந்தது. "கேப்பான். தினம் வந்த ஒடனே மொதல்ல அதான் கேப்பான். அப்பா ஆபீஸ் கெளம்பியாச்சான்னு."

ஜெகநாதன் தலையை ஆட்டினார். ஏதோ ரிப்போர்ட்டை ஏற்றுக்கொள்வது போல ஆட்டினார். கேட்கப் பயந்த கேள்வியைக் கடைசியில் கேட்டார்.

"இனிமே வர மாட்டேன்னா, அதுக்கு என்ன வேதா அர்த்தம்?"

"தெரிலங்க. அதக் கேக்கத்தான் நாலு மணிக்கு நான் அங்க இருக்கணும்."

கடிகாரம் மூன்று பத்து காட்டியது. ஸ்ரீஜா கரீம்நகர் நம்பரை மறுபடி அடித்தாள். ஸ்விட்ச் ஆஃப்.

"அந்த நாற்பத்தெட்டு நம்பர்," என்றார் ஜெகநாதன் திடீரென்று. "ஆறு ஆறா இருக்குமோ? நடுவுல சின்னக் கோடு போட்டு?"

ஸ்ரீஜா திரும்பினாள். "ஆமா. எட்டு கட்டு. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் எழுந்து பீரோவைத் திறந்தார். மேல்தட்டில் பதினேழு ஃபைல்கள், முதுகில் எண்களோடு. பதினான்காவதை உருவினார். "மனோஜ்: ஒழுங்கு நடவடிக்கை." ஸ்ரீஜா அதைப் பார்க்காதது போலத் திரும்பிக்கொண்டாள்.

குற்றப்பத்திரிகையின் மூன்றாம் இணைப்பு. கீபோர்டின் அடியில் ஒட்டியிருந்ததை உரித்தெடுத்த ஒரு துண்டுக் காகிதம், பெரிய தாளின் மேல் ஒட்டியிருந்தது. எட்டுக் கட்டுகளாக எண்கள். ஓரத்தில் சிவப்பு மையில் ஜெகநாதனின் குறிப்பு: "சங்கேத எண்கள். சூதாட்டத் தொடர்பு சந்தேகிக்கப்படுகிறது."

"சூதாட்டமா?" ஸ்ரீஜாவின் குரல் உயர்ந்தது. "இது சாவிப்பா. பூட்டினவன் சாவிய வீட்டுலயே வச்சிட்டுத்தான் போயிருக்கான். நீங்க அத எவிடென்ஸ்னு எடுத்து வச்சிருக்கீங்க. ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பான்ல?"

"கேட்டேனே. ஏழு நாள் குடுத்தேன்."

அதற்குச் சொல்லக்கூடிய எல்லாப் பதிலையும் அவரே கேட்டுக்கொண்டதுபோல இருந்தது அவர் முகம்.

"படிங்க," என்றாள் ஸ்ரீஜா, கீபோர்டை இழுத்து.

இரண்டு ஸ்டேஷன் மாஸ்டர்கள் போனில் எண் மாற்றிக்கொள்வது போல அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். அவள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி அடித்தாள். அதில் மட்டும் அவர் கெட்டிக்காரர். ஐந்து கட்டுகள் ஒரு பிசகும் இல்லாமல் போயின. ஆறாவதில் நின்றார்.

"நாலு. ஒண்ணு."

"நாலு. ஒண்ணு. அடுத்தது?"

"இல்ல."

"இல்லன்னா?"

"ஓட்ட."

ஃபைலில் கோர்ப்பதற்காக அடித்த பஞ்ச் ஓட்டை, ஆறாம் கட்டின் மூன்றாவது எண்ணை வட்டமாக வெட்டி எடுத்துக்கொண்டு போயிருந்தது. ஓட்டை மிகச் சரியான இடத்தில், இடது ஓரத்திலிருந்து அளந்து அடிக்கப்பட்டிருந்தது. அடித்தவர் யார் என்று யாரும் கேட்கவில்லை.

"பரவால்ல. ஒரு எண்தான்," என்றாள் ஸ்ரீஜா. "தப்பாப் போட்டா அந்தக் கட்டையே ஏத்துக்காது. மீதி மூணையும் சொல்லுங்க."

மீதி மூன்று எண்களைச் சொன்னார். பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்தாள். தவறு. ஒன்று. தவறு. ஒவ்வொரு தவறுக்கும் வேதா தன் தாலிச் சரட்டை ஒரு சுற்று விரலில் சுற்றினாள். ஐந்து, ஆறு, ஏழு. ஏழில் கை வழுக்கி வேறெதையோ அடித்து, மறுபடி முதலிலிருந்து அடிக்க வேண்டி வந்தது. மணி மூன்று நாற்பத்திரண்டு.

எட்டை ஏற்றுக்கொண்டது.

கடைசி இரண்டு கட்டுகளைச் சொல்லும்போது ஜெகநாதனின் குரல் எண் சொல்லும் குரலாக இல்லை. ஸ்ரீஜா திருப்பிச் சொல்வதை நிறுத்திவிட்டு அடித்தாள். நீலம் மறைந்தது.

*

மூன்று ஐம்பத்தாறுக்குக் காடு திறந்தது.

புது ப்ராசஸர் தன் வேலையைப் பிரமாதமாகச் செய்தது. எதுவும் திக்கவில்லை. பதினொரு மாதத்தில் முதல் தடவையாக வேதா அந்தக் காட்டை முழுசாகப் பார்த்தாள். மழை பெய்துகொண்டிருந்தது. இதுவரை மழை என்பது அவளுக்கு நின்று நின்று விழும் கோடுகள்தான். இப்போது ஒவ்வொரு இலையும் தனித்தனியாக நனைந்தது. மரங்களுக்கு நடுவே வெகுதூரம் தெரிந்தது. அந்தத் தூரத்தில் யாரும் இல்லை.

"அப்பாவும் கேக்கட்டும்," என்று ஸ்ரீஜா ஹெட்போனைப் பேசும் மைக்குக்கு மட்டும் விட்டுவிட்டு ஸ்பீக்கரைப் போட்டாள். மழைச் சத்தம் அறைக்குள் இறங்கியது.

வேதா தன் உருவத்தைக் குடிசைக்குள் நடத்தினாள். அடுப்பு அணைந்திருந்தது. மூலையில் அவளுடைய மரப்பெட்டி. கிழங்கு எடுக்கத் திறந்தாள்.

பெட்டி நிறைந்திருந்தது. மனோஜின் கோடாரி, மனோஜின் கவசம், வில், விளக்கு, பதினொரு மாதமாகச் சேர்த்த ஒவ்வொன்றும் வரிசையாக அடுக்கியிருந்தன.

"இதெல்லாம் இங்க எப்ப வச்சான்?" என்றாள். ஸ்ரீஜாவுக்குத் தெரியவில்லை. அவன் விளக்கை யாரிடமும் கொடுப்பதில்லை. அது இல்லாமல் அந்தக் காட்டில் இருட்டின பிறகு நடக்க முடியாது.

சரியாக நாலு மணிக்குத் திரையின் மூலையில் மனோஜின் பெயர் எரிந்தது.

"வந்துட்டான்!" ஸ்ரீஜா கை தட்டினாள். ஜெகநாதன் கட்டிலிலிருந்து எழுந்து, வேதாவின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

மழைக்குள் அவன் உருவம் தெரிந்தது. குடிசையை நோக்கி வந்தது. நேராக வந்து சுவரில் முட்டியது. பின்னால் போய், மறுபடி முட்டியது. வாசல் எங்கே என்று தெரியாமல் சுற்றியது. தேவையே இல்லாத இடத்தில் குதித்தது.

வேதாவின் கை மவுஸை விட்டது.

"இவன் இல்ல."

"பேரு அவந்துதான்மா. ஐடி அவந்து."

"நடை அவனுது இல்லடி. எனக்குத் தெரியாதா?" மைக்கின் பக்கம் குனிந்தாள். "மனோ? யாரு அது?"

மழைச் சத்தம். அதற்குள் யாரோ மூச்சு விடும் சத்தம். பிறகு ஒரு பெண் குரல், துளிகூட உடையாமல், பக்கத்து அறையில் பேசுவது போலத் தெளிவாக வந்தது.

"ஆன்ட்டி, நீங்க மனோஜோட அம்மாவா? என் பேரு ஜெஸ்ஸி. நாலு மணிக்குள்ள அவன் திரும்பி வரலன்னா நான் இதுக்குள்ள வந்து உங்ககிட்ட சொல்லணும்னு சொல்லிட்டுப் போனான்."

"எங்க போனான்?"

"சொல்றேன் ஆன்ட்டி. மொதல்ல ஒண்ணு கேக்கணும்னு சொன்னான். உங்க பக்கத்துல அவங்கப்பா இருக்காரா?"

வேதா திரும்பிக் கணவரைப் பார்த்தாள். முப்பத்தாறு வருடமாக எந்தக் கேள்விக்கும் மேற்படி, கீழ்க்கண்ட என்று இரண்டு பக்கம் பதில் எழுதியவர் வாயைத் திறக்கவில்லை. இல்லை என்று சொல் என, கையை மட்டும் மெல்ல ஆட்டினார்.

"இல்லம்மா," என்றாள் வேதா. "அவர் இங்க இல்ல. நீ சொல்லு."

"அப்ப கதவச் சாத்திட்டு வாங்க ஆன்ட்டி."

கதவைச் சாத்தியவர் ஜெகநாதன்தான். கொக்கி சத்தம் போடாமல் இருக்க, அதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு சாத்தினார்.